மல்பெரி மூலையில் யார் நிற்பது?

என் தங்கத்துக்கு, அம்மா எழுதுகிறேன். தினமும் போனில் பேசுகிறவர்களுக்குள் இது என்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ நடுவிலே சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய். நானும் அதற்காகவே காத்திருந்தவள் மாதிரி "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். இரண்டு வருஷமாக அப்படித்தான் தப்பித்துக்கொண்டிருக்கிறேன். காகிதத்தில் அது முடியாது. ஆரம்பித்தால் முடித்தாக வேண்டும்.

முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது உன் போன் வந்தது. ஒரு கால் செருப்பில், ஒரு கால் வெயிலில். புது கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது என்று நீ சொன்னதும் அந்தக் காலுக்கு வெயில் சுட்டதே தெரியவில்லை. அங்கேயே நின்று பாதி ஊருக்குச் சொல்லிவிட்டேன். இளநீர் வெட்டுகிறவர் தன் பங்குக்கு ஒரு காய் வெட்டிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மாட்டேன் என்றார். வீட்டுக்கு வந்து ஸ்பீக்கரில் போட்டதும் உங்கப்பா கேட்டாரே, "ஏலே, வேல கெடச்சது சரி. என்ன வேலன்னு வெளங்குற மாதிரிச் சொல்லு" என்று. ஆஸ்பத்திரியில் மருந்துத் தட்டு கொண்டுபோகிற ரோபோ, ஓட்டலில் சாப்பாடு கொண்டுவருகிற ரோபோ எல்லாம் செய்கிற கம்பெனி என்றும், அந்த ரோபோ ஏதாவது தப்புச் செய்தால் யார் பொறுப்பு, யாருக்கு என்ன செய்ய வேண்டும் என்று விதி எழுதுகிற பிரிவில் நீ சேரப்போகிறாய் என்றும் சொன்னாய். உங்கப்பா, "அப்ப நீ ரோபோவுக்கு நாட்டாமைன்னு சொல்லு" என்றார். நாம் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அந்தச் சிரிப்பு அடங்கும்போது நீ ஒன்று சொன்னாய். "அன்னிக்கு நான் போட்ட கோடுதாம்மா என்னைய இங்க கொண்டாந்து விட்டுருக்கு. அந்தப் புழுவெல்லாம் என்னாலதான செத்துச்சு." சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். நான் போகவில்லை, தம்பி. அன்றைக்கு வார்த்த தோசை நாலும் கருகிப்போயின. நீ இரண்டு வருஷமாக அதைத் தூக்கிக்கொண்டு அலைகிறாய் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பாரம் உன்னுடையது இல்லை. என்னுடையது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உனக்குத் தெரிந்த பாதியிலிருந்து தொடங்குகிறேன். நம் திராட்சைத் தோட்டத்துக்குக் கிழக்கே மாயன் மாமாவின் மல்பெரி. மாமா மல்பெரி வளர்க்கிறார், ஈஸ்வரி அத்தை அந்த இலையைப் போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறாள். நம் தோட்டத்தின் தென்கிழக்கு மூலையில் ஒரு எட்டு சென்ட் பட்டாவில் நம்முடையது. ஆனால் நீ கல்லூரி விடுதியில் இருந்த வருஷத்திலேயே உங்கப்பா அதை மாமாவுக்குக் கொடுத்துவிட்டார். அதற்குப் பதிலாக நம் தண்ணீர்க் குழாய் போக மாமா தன் நிலத்தில் வழி விட்டார். பத்திரம் இல்லை, கையெழுத்து இல்லை. இரண்டு பேரும் ஒரு டீ குடித்துப் பேசினார்கள். அவர் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தார். உங்கப்பா மாதா கெபியில் ஒரு மெழுகுவத்தி ஏற்றினார். இரண்டு பக்கமும் சாட்சி வைத்தாகிவிட்டது, இனி யார் பேச்சு மாறப் போகிறார்கள் என்று நினைத்தோம். நம் ஊரில் பாதி வரப்புக்கு இப்படித்தான் சாட்சி. உனக்குச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அதன் பிறகு மருந்தடிக்க ஆள் கிடைக்காமல் ட்ரோன் வந்தது. தேவாரம் ஊர்ப் பாண்டியம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கி, பயிற்சிக்குப் போய், பரீட்சை எழுதி, பறக்கவிடுகிற சான்றிதழ் வாங்கி வந்தவள். முதல் தடவை நம் பந்தலுக்கு மேலே அந்த மிஷின் எழும்பியபோது உங்கப்பா தலையில் கைவைத்துக்கொண்டு குனிந்தது உனக்கு வீடியோவாக வந்ததே, ஞாபகம் இருக்கும். எல்லையை வரைபடத்தில் குறித்துக் கொடுத்துவிட்டால் போதும், அதுவே வரிசை வரிசையாகப் போய் அடித்துவிட்டுக் கிளம்பின இடத்துக்கே வந்து இறங்கும். அந்த எல்லையைக் குறிக்கிற வேலையை உங்கப்பா உன்னிடம் விட்டார். நீ பெங்களூரில் இருந்துகொண்டே பட்டா வரைபடத்தைப் பார்த்து, மேலிருந்து எடுத்த படத்தின் மேல் பச்சைக் கோடு போட்டு எனக்கு அனுப்பினாய். "அம்மா, ஒரு தடவ பாத்துட்டு ஓகே சொல்லுங்க" என்று எழுதியிருந்தாய். நான் ஓகே சொன்னேன். இதுவரை உனக்குத் தெரியும்.

இனிமேல் உனக்குத் தெரியாதது. நான் அந்தப் படத்தைச் சரியாகப் பார்க்காமல் ஓகே சொல்லிவிட்டேன் என்றுதான் நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அம்மா படிக்காதவள், போனில் சின்னப் படம், தெரிந்திருக்காது என்று எனக்காக நீயே ஒரு சாக்கும் தயாரித்து வைத்திருக்கிறாய். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் ஜெபப் புத்தகத்தையும் மருந்துப் பாட்டில் சீட்டையும் எழுத்து விடாமல் படித்துப் படித்தே மீதியைக் கற்றுக்கொண்டவள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலால் பெரிதாக்கி, உன் பச்சைக் கோட்டை மூலை மூலையாகப் பார்த்தேன். மல்பெரி மூலை கோட்டுக்குள் இருந்தது. நன்றாகத் தெரிந்தது.

பார்த்ததும் உனக்குப் போன் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. ஏன் தெரியுமா? அதற்கு இரண்டு நாள் முன்னால் நம் கோழி ஒன்று மல்பெரிக்குள் போய்க் கிளறிவிட்டது. ஈஸ்வரி வரப்பில் நின்று, "மதினி, எங்க மூலைக்குள்ள ஒங்க கோழி என்ன சோலியா வருது?" என்று கேட்டாள். கோழியைச் சொன்னது எனக்கு உறைக்கவில்லை. 'எங்க மூலை' என்றாளே, அதுதான் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் களை எடுத்த மூலை அது. உன் பச்சைக் கோட்டுக்குள் அது பழையபடி நம்முடையதாகத் தெரிந்தபோது எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. மிஷினுக்காவது தெரிந்திருக்கிறதே என்று நினைத்தேன். வெறும் படம்தானே, அடிக்கிற அன்றைக்குப் பாண்டியம்மா நேரில் பார்த்துக்கொள்ள மாட்டாளா என்றும் நினைத்தேன். இரண்டையும் ஒரே மூச்சில் நினைக்க மனுஷ மனசால் முடியும், தம்பி.

அடிக்கிற அன்று காலையில் அவள் கேட்கவும் செய்தாள். "யக்கா, எல்லை சரிதானக்கா? ஒருவாட்டி சுத்தி நடந்து பாத்துருவமா?" நான் அடுப்பில் பால் வைத்திருந்தேன். "தம்பி போட்டது ஆத்தா, சரியாத்தான் இருக்கும்" என்றேன். அவள் மேற்குப் பக்கம் நின்று ஓட்டினாள். நடுவில் நம் பந்தல் மறைத்தது. திராட்சைப் பூவில் இலைப்பேன் விழுந்திருந்ததால் பூச்சி மருந்துதான் கலந்திருந்தோம். மிஷின் சொன்ன பேச்சுத் தட்டாமல் பந்தலையும் நனைத்து மல்பெரி மூலையையும் நனைத்துவிட்டு நல்ல பிள்ளையாகத் திரும்பி வந்து இறங்கியது.

மறுநாள் ஈஸ்வரி அந்த மூலையில்தான் இலை வெட்டினாள். புழு கடைசிப் பருவத்தில், கூடு கட்ட இன்னும் மூன்று நாலு நாள் என்ற நிலையில் இருந்தது. மத்தியானத்துக்குள் புழுவெல்லாம் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டி, பச்சையாகக் கக்கிவிட்டுச் சுருண்டுவிட்டன. அவள் போட்ட சத்தம் நம் சமையல் கட்டுக்குக் கேட்டது. போய்ப் பார்த்தேன். தட்டுத் தட்டாக. அவள் அழவில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் உனக்குச் சொன்னபோது நீ பயந்துபோனாய். "அம்மா, பட்டாப்படி அது நம்ம இடம். நம்ம இடத்துல நாம அடிச்சோம். சட்டப்படி நம்ம மேல ஒண்ணும் நிக்காது" என்றாய். சொல்லும்போதே குரல் நடுங்கியது. அப்புறம் மெதுவாக, "கோடு போடுறப்பவே ஒரு வார்த்த ஒங்ககிட்டக் கேட்டிருக்கணும்மா" என்றாய். அங்கேதான் நான் சொல்லியிருக்க வேண்டும். நீ கேட்டாய், தம்பி, நான்தான் பார்த்துவிட்டும் சரி என்றேன் என்று. சொல்லவில்லை. "விடுய்யா, பாத்துக்கலாம்" என்றேன். நீ அதை அன்றே முதுகில் ஏற்றிக்கொண்டாய்.

மாயன் மாமா விவசாய ஆபீசில் மனுக் கொடுத்தார். யார் மேல் கொடுப்பார்? ரிமோட்டைக் கையில் வைத்திருந்தவள் மேல்தான். பாண்டியம்மாவின் மிஷினை மூடி வைக்கச் சொல்லிவிட்டார்கள். மூன்றாம் நாள் நம் வீட்டுக்கு வந்தாள். ஊர் ஊராக ட்ரோன் அக்கா என்று கூப்பிடப்பட்டவள், வாசப்படியில் சுருங்கி உட்கார்ந்தாள். "யக்கா, சான்றிதழத் திருப்பி வாங்கிருவாகன்னு சொல்றாக. நான் ஒங்ககிட்ட எல்லை சரிதானான்னு கேட்டேன்ல? நீங்க சரின்னு சொன்னீகள்ல? அங்கன வந்து அத மட்டும் சொல்லுங்க, போதும்" என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டேன். அவள் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். சாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்கிட்டச் சொல்லிட்ட, நல்லது. ஆண்டவர் மன்னிப்பாரு. ஆனா எங்கிட்டச் சொன்னா அந்தப் புள்ளைக்குச் சான்றிதழ் திரும்பி வராதேம்மா. சொல்ல வேண்டிய எடம் இது இல்ல, கிளம்பு" என்றார். எனக்கு ஜெபம் கூடச் சொல்லித் தரவில்லை. 'அபராதம்' என்று ஏதாவது கொடுப்பார், ஜெபமாலையில் பத்து மணி சொல்லிவிட்டு லேசாக வந்துவிடலாம் என்று போன எனக்கு நல்ல வேலை வைத்தார்.

வீட்டுக்கு வந்து என் மருந்து நோட்டை எடுத்தேன். உனக்குத் தெரியும், எந்த நாளில் என்ன மருந்து, எவ்வளவு, காற்று எந்தப் பக்கம் என்று பந்தல் போட்ட நாளிலிருந்து எழுதி வருகிறேன். அதில் என் கையெழுத்திலேயே இருந்தது: 'தம்பி எல்லைப் படம் அனுப்பினான். மாயன் மூலை உள்ளே வருகிறது. சரி என்று சொன்னேன்.' பழக்க தோஷம். கை பாட்டுக்கு உண்மையை எழுதிவிட்டது. கிழித்துவிடலாமா என்று நினைக்கவும் செய்தேன். ஆனால் நான்தான் எல்லாப் பக்கத்துக்கும் நம்பர் போட்டு வைத்திருக்கிறேனே. நாற்பத்தெட்டுக்கு அடுத்து ஐம்பத்தொன்று வந்தால் வேறு யார் கேட்காவிட்டாலும் நானே கேட்பேன்.

விசாரணைக்கு ஆபீசர் அம்மா நம் மோட்டார் ரூமுக்கு முன்னால் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மாயன் மாமா, ஈஸ்வரி, பாண்டியம்மா, உங்கப்பா, நான், மிஷின் விற்ற கம்பெனியிலிருந்து ஒரு ஆள். நடுவில் மிஷின். அதற்கு ஆறு கை, பறக்காதபோது மடித்துக்கொள்ளும். ஈஸ்வரி அதைப் பார்த்துவிட்டு, "செய்றதையெல்லாம் செஞ்சுட்டுக் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கிறதப் பாரு, ஒண்ணும் தெரியாதவன் மாதிரி" என்றாள். ஆபீசர் அம்மாவே குனிந்துகொண்டு சிரித்தார். கம்பெனி ஆள், "மிஷின் மேல தப்பு இல்லைங்க, குடுத்த எல்லைக்குள்ள ஒரு அடி தாண்டல" என்று படம் காட்டினார். பாண்டியம்மா, "எல்லை நான் போட்டதில்ல மேடம்" என்றாள். உங்கப்பா, "பட்டா எங்க பேர்லதான் இருக்கு" என்று ஆரம்பித்து, மாயன் மாமா முகத்தைப் பார்த்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். மெழுகுவத்தி ஞாபகம் வந்திருக்கும். ஈஸ்வரி எழுந்து நின்றாள். "மிஷின் பண்ணல, ஓட்டுனவ பண்ணல, எடத்துக்காரக பண்ணல. அப்ப ஏம் புழுவக் கொன்னது யாரு? காத்தா?"

 நான் நோட்டைத் திறந்து அந்த வரியை வாசித்தேன். சத்தமாகத்தான் வாசித்தேன், குரல்தான் யாருடையதோ மாதிரி இருந்தது. பாண்டியம்மா கேட்டாள், நான் சரி என்றேன், தெரிந்தே சொன்னேன் என்றேன். மகன் கேட்டான், அவனிடமும் தெரிந்தே சொன்னேன் என்றேன். பாண்டியம்மா மருந்து கேனின் மேல் தொப்பென்று உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே, "காப்பி போட்டு, சக்கரை போதுமான்னு கேட்டீகளே யக்கா! அந்த வாய் இத ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று பிடித்துக்கொண்டாள். வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஈஸ்வரி மட்டும் என்னையே பார்த்தபடி இருந்தாள். "கோழியச் சொன்னதுக்காகவா மதினி?" என்றாள். "கோழிக்காக இல்ல மதினி. 'எங்க மூலை'ன்னு சொன்னீகள்ல, அதுக்காக" என்றேன். அவளுக்கு வாய் கோணிக்கொண்டு வந்தது. "எங்க மூலைதான மதினி அது!" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள். எனக்கும் வந்துவிட்டது. ஆபீசர் அம்மா எழுதுவதா வேண்டாமா என்று பேனாவோடு காத்திருந்தார்.

கடைசியில் என்ன ஆயிற்று என்பது உனக்குத் தெரிந்ததுதான். ஈடு கொடுத்தோம். எல்லையைக் கால்நடையாகப் பார்க்காமல் பறக்கவிட்டதற்குப் பாண்டியம்மாவுக்கு எச்சரிக்கை. சான்றிதழ் அவளிடமே இருந்தது. உங்கப்பாவும் மாமாவும் ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போய்ப் பரிவர்த்தனைப் பத்திரம் எழுதி அந்த மூலையைக் காகிதத்திலும் மாமாவுடையதாக ஆக்கினார்கள். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. எல்லாம் எழுதி முடித்ததும் மாயன் மாமா கேட்டார், "எல்லாருக்கும் ஒண்ணு ஒண்ணு சொன்னீக. இந்த மிஷினுக்கு ஒண்ணும் கெடையாதா?" ஆபீசர் அம்மா, "அதுக்கு என்னய்யா குடுக்க?" என்றார். ஈஸ்வரி உடனே, "ஒரு பேட்ச் முடியுற வரைக்கும் எங்க வீட்ல வந்து தெனம் இலை வெட்டிப் போடட்டும்" என்றாள். எல்லோரும் மிஷினைப் பார்த்தோம். அது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் எழுந்து, "அதுக்குப் பதிலா நான் வாரேன்" என்றேன்.

அப்படித்தான், தம்பி, மிஷினுக்கு விழுந்த தண்டனையை உன் அம்மா அனுபவித்தாள். அந்த நாட்களில் நீ போன் போட்டபோதெல்லாம் "தோட்டத்துல இருக்கேன்" என்று சொன்னது பொய் இல்லை, மாமா தோட்டம் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான தண்டனை யாருக்கும் கிடைத்திருக்காது. வாசலில் சுண்ணாம்புத் தூளை மிதித்து, கைகால் கழுவித்தான் உள்ளே போக வேண்டும். முதல் நாள் தலையில் மல்லிகையோடு போனேன். "பூவக் கழட்டிட்டு வாங்க மதினி, பிள்ளைகளுக்கு வாசன ஆகாது" என்று திருப்பி அனுப்பினாள். முட்டையிலிருந்து வந்தபோது எறும்பு மாதிரி இருந்தவை, நாலு தடவை தோலை உரித்து விரல் தண்டி ஆகி, கடைசிப் பருவத்தில் இலை தின்கிற சத்தம் கூரைமேல் மழை பெய்கிற மாதிரியே இருந்தது. நான் ஜெபமாலையை அங்கேயே சொல்ல ஆரம்பித்தேன். ஈஸ்வரி, "ஒங்க மாதாவுக்கும் சேத்துத்தான் கேக்குது மதினி இந்தச் சத்தம்" என்றாள். முதல் கூட்டை என் கையில்தான் எடுத்துக் கொடுத்தாள். நான் கொன்றதில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் கூடு கையில் அவ்வளவு லேசாக இருந்தது.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். நான் உனக்குச் சட்டம் சொல்லித் தரப் போவதில்லை. ஆனால் உன் வீட்டுக்கு வந்திருந்தபோது தரை கூட்டுகிற அந்த வட்டமான ரோபோ, நான் முழங்காலில் நின்று ஜெபம் சொல்லும்போது வந்து இடித்தது ஞாபகம் இருக்கிறதா? பொம்பளைக் குரலில் 'ஸாரி' சொல்லிவிட்டு மறுபடி இடித்தது. "அதுக்குக் கண் இருக்காய்யா?" என்று கேட்டேன். கேமரா இருக்கிறது என்றாய். "அப்ப நான் அழுதுக்கிட்டு ஜெபம் பண்ணுன படம் இப்ப யாருகிட்ட இருக்கு?" என்றேன். நீ சிரித்தாய், அப்புறம் சிரிப்பை நிறுத்தி, "தெரியலம்மா, பாத்துச் சொல்றேன்" என்றாய். இன்னும் சொல்லவில்லை. புது ஆபீசில் முதல் வேலையாக இதைக் கேள். அந்த 'ஸாரி'யையும் யோசித்துப் பார். அதைச் சொல்ல அதற்கு வெட்கம் இல்லை, சொல்லிவிட்டு இரண்டாம் நாள் எதிர்ப்பட வேண்டியதும் இல்லை. ஈஸ்வரி முன்னால் நின்று அதே வார்த்தையைச் சொல்ல எனக்கு விசாரணை முடிந்த பிறகும் மூன்று நாள் ஆயிற்று.

உங்கள் ரோபோ ஆஸ்பத்திரியில் மருந்துத் தட்டைத் தப்பான கட்டிலுக்குக் கொண்டுபோகும் ஒரு நாள் வரத்தான் செய்யும். கம்பெனி, 'சொன்னபடி போச்சு' என்று சொல்லும். பெரிய டாக்டர், 'நான் பார்க்கலை' என்பார். கடைசியில் பக்கத்தில் நின்ற நர்ஸ் பிள்ளையின் தலையில் விடியும், பாண்டியம்மா தலையில் விடிந்த மாதிரி. ஒரு நாளைக்கு நாற்பது தடவை 'ஓகே' அழுத்தச் சொன்னால் அந்தப் பிள்ளை பார்த்தா அழுத்தும்? நான் பார்த்துவிட்டே தப்பாக அழுத்தினேன். ஆகவே நீ விதி எழுதும்போது, ஓகே அழுத்தியவர் பேரோடு நிறுத்திவிடாதே. யார் நேரில் போய் நடந்து பார்த்தார்கள், தப்பு நடந்த வீட்டுக்கு யார் போய்ச் சொன்னார்கள் என்று கேட்க ஒரு இடம் விடு. அந்த இடம் காலியாக இருந்தால் வேலை முடியவில்லை என்று வை. 'சட்டப்படி நம்ம மேல ஒண்ணும் நிக்காது' என்று யாராவது உன்னிடம் சொன்னால், அவர் குரல் நடுங்குகிறதா என்று கேள். நடுங்கினால் அவரை விடாதே, நல்ல ஆள்.

இங்கே நாங்கள் ஒரு விதி வைத்திருக்கிறோம். மருந்தடிக்கிற அன்று நாலு மூலைக்கும் நாலு பேர் நடந்துபோய் நிற்க வேண்டும். மல்பெரிப் பக்கம் மூன்று வரிசைக்கு மிஷின் கிடையாது, கையால்தான். நாலு மூலையிலிருந்தும் 'சரி!' என்று சத்தம் வந்தால்தான் பாண்டியம்மா பொத்தானை அழுத்துவாள். உங்கப்பா மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணுவார். போன தடவை மூன்று சரிதான் வந்தது. மாயன் மாமா வெற்றிலை போட்டு வாய் நிறைய வைத்திருந்தார். அவர் துப்பிவிட்டுக் கத்துகிற வரைக்கும் மிஷின் காத்திருந்தது. முடிந்ததும் ஈஸ்வரி கொண்டுவருகிற பணியாரத்துக்காகவே சும்மா வந்து நிற்கிறவர்களும் உண்டு. மருந்தடிப்பு இப்போது எங்களுக்கு ஒரு சின்னத் திருவிழா.

போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது மாமா வீட்டு வழியாகப் போகாமல் நீ மேலத்தெரு சுற்றிப் போனாயே, நான் பார்த்தேன். மாமாவும் பார்த்திருக்கிறார். "தம்பிக்கு எங்க மேல என்ன கோவம், தங்கச்சி?" என்று என்னிடம் கேட்டார். கோபம் அவனுக்கு அவன் மேலேயேதான் என்பதை ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்துகொண்டேன். நான் உனக்கு எப்போதோ சொல்லியிருப்பேன் என்றுதான் உங்கப்பா உட்பட எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். அன்றைக்கே போய் மாமாவிடமும் ஈஸ்வரியிடமும் சொன்னேன். ஈஸ்வரி என்னை ஒரு அடி அடித்தாள், நிஜமாகவே, தோளில். "ரெண்டு வருசமா பிள்ளைட்டச் சொல்லாம வச்சிருக்கீகளே, நீங்கள்லாம் ஒரு தாயா மதினி!" என்றாள். எழுது என்று பேனாவை எடுத்துக் கையில் திணித்தவளும் அவள்தான்.

நீ புது வேலையில் சேர இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை பந்தலுக்கு மருந்தடிக்கிறோம். மூன்று மூலைக்கு ஆள் சொல்லியாயிற்று. மல்பெரி மூலை உனக்கு. அத்தை என்னிடம் எழுதச் சொன்னது இதுதான், அப்படியே எழுதுகிறேன்: "கோடு போட்டவன் வந்து அங்கன நின்னு சரின்னு கத்துனாத்தான் மிஷின் கெளம்பும். வராட்டி இலைப்பேனு தின்னுட்டுப் போகட்டும், எனக்கென்ன."

வந்துவிடு, ராசா. நேர் தெரு வழியாகவே வா. வரும்போது உடம்பில் அந்த சென்ட்டை மட்டும் அடித்துக்கொண்டு வந்துவிடாதே. நீ வருகிற அன்றைக்குப் புழு நாலாம் தோலை உரித்துவிட்டு, மழை மாதிரி தின்றுகொண்டிருக்கும்.